ஒரே ரசனை, பல மனிதர்கள்: ரசிகர் குழுவில் விசுவாசமும் மரியாதையும் நிலைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1939 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் அறிவியல் புனைகதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு தொடங்கியது. வாசலிலேயே தகராறு. எதிரணி ரசிகர் குழுவைச் சேர்ந்த ஆறு பேரை உள்ளே விட அமைப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். துண்டறிக்கை கொடுத்துக் கூட்டத்தைக் குலைத்துவிடுவார்கள் என்ற பயம். தடுத்தவர்களும் சரி, தடுக்கப்பட்டவர்களும் சரி, ஒரே பத்திரிகைகளை வரி விடாமல் படித்தவர்கள். வெளியே நிறுத்தப்பட்ட ஆறு பேரில் ஃபிரெடரிக் போல், டொனால்ட் வோல்ஹெய்ம் இருவரும் பிற்காலத்தில் அந்தத் துறையின் முக்கியமான பதிப்பாசிரியர்கள் ஆனார்கள் என்பது வேறு கதை.

ரசிகர்களுக்குள் சண்டை என்பது அவ்வளவு பழையது. இணையம் அதில் வேகத்தையும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ டிஸ்கார்டிலோ ஒரு ரசிகர் குழுவை நடத்துகிறவர்களுக்காகவும், அப்படியொரு குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டு அது சிதறிப்போகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குழு நடிகருக்கானதா, பாடகருக்கானதா, விளையாட்டு அணிக்கானதா, தொடர்கதைக்கானதா என்பது பெரிய விஷயமில்லை. குழு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: “இந்த முறை நன்றாக இல்லை” என்று சொன்ன உறுப்பினர், மறுநாளும் அங்கே நிம்மதியாகப் பேச முடிகிறதா?

படி 1: விசுவாசம் யாருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ரசிகர் குழுவில் மூன்று விசுவாசங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. நட்சத்திரத்துக்கோ அணிக்கோ காட்டும் விசுவாசம் ஒன்று. குழு என்ற அமைப்புக்குக் காட்டுவது இன்னொன்று. மூன்றாவது, குழுவில் இருக்கும் மனிதர்களுக்குக் காட்டுவது. எல்லாம் நல்லபடியாகப் போகும்போது இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. மோதல் வரும்போதுதான் எது முதலில் என்ற கேள்வி எழும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே, தொலைக்காட்சியில் தோன்றுகிறவர்களோடு பார்வையாளர்களுக்கு ஏற்படும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். நமக்கு அவரைத் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ரசனையின் இயல்பே அதுதான். ஆனால் உங்களுக்கு வேலை போனபோது நலம் விசாரித்தவர் யார்? நட்சத்திரமா, குழுவில் பெயர் மட்டுமே தெரிந்த ஒரு சக ரசிகரா? பதில் தெரிந்தவர்கள் அந்தச் சக ரசிகரை ஒரு விமர்சன வரிக்காகத் துரோகி என்று அழைக்க மாட்டார்கள்.

சக மனிதர்களை முதலில் வைக்கும் இந்த வரிசையின் வலிமைக்கு ஓர் உதாரணம் கால்பந்தில் இருக்கிறது. லண்டனின் விம்பிள்டன் அணி மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு இடம் பெயர 2002-இல் அனுமதி கிடைத்தது. பல ரசிகர்கள் பெயரையும் சீருடையையும் பின்தொடர்ந்து போகவில்லை. தங்களுக்குள் கூடிப் பேசி, சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய அணியைத் தாங்களே தொடங்கினார்கள். விளையாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பொதுவெளித் திடலில் திறந்த தேர்வு நடத்தினார்கள். கீழ்மட்டத்திலிருந்து ஏறி ஏறி 2011-இல் அந்த அணி தொழில்முறை கால்பந்து லீக்குக்குள் நுழைந்தது. அணியே கைவிட்டுப் போன பிறகும் அவர்கள் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை.

படி 2: செயலைப் பற்றி விதி எழுதுங்கள், குணத்தைப் பற்றி எழுதாதீர்கள்

பெரும்பாலான குழுக்களில் முதல் விதி “அனைவரையும் மதிக்கவும்” என்றிருக்கும். இதை மீறியதாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. மிக மோசமாகப் பேசுகிறவரும் தான் உண்மையைத்தான் சொன்னதாக நினைப்பார். விதியைப் படிப்பவருக்கு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது கண்ணால் பார்க்கிற மாதிரித் தெரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“படைப்பை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். அதை ரசித்தவரையோ ரசிக்காதவரையோ கேலி செய்யக் கூடாது.”

“பொதுவில் அனுமதி கேட்காமல் எந்த உறுப்பினருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது.”

“இங்கே பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே பகிரக் கூடாது. மிரட்டல், தொந்தரவு பற்றிப் புகார் செய்ய எடுத்தால் அது வேறு.”

“படமோ அத்தியாயமோ வெளியான முதல் மூன்று நாட்களுக்குக் கதையை வெளிப்படுத்தும் செய்திகளை மறைத்தே அனுப்ப வேண்டும்.”

இரண்டாவது விதி பல நிர்வாகிகளுக்குத் தேவையற்றதாகத் தோன்றும். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படும். பெண் உறுப்பினர்கள் காரணம் சொல்லாமல் வெளியேறிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அவர்களுடைய தனிச்செய்திப் பெட்டியில்தான் காரணம் இருக்கும். நிர்வாகி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பது என்பதாலேயே இதை விதியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

நான்காவதுக்கு டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் எழுத்தை மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது; தொட்டால்தான் தெரியும். அந்த வசதி இல்லாத இடத்தில் அதற்கென ஒரு தனிக் குழுவைத் திறந்து விடுவது சுலபம். மூன்று நாள் போதுமா, ஒரு வாரம் வேண்டுமா என்பதை உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு வைத்துக் கேளுங்கள். தாங்களே வாக்களித்த விதியை மக்கள் தாங்களே காவல் காக்கிறார்கள். மொத்த விதிகளும் கைபேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் யாரும் படிக்கப் போவதில்லை.

படி 3: புதியவரை வாசலிலேயே நேர்காணல் செய்யாதீர்கள்

“எந்தப் படத்திலிருந்து ரசிகர்?”, “பழைய ஆல்பம் கேட்டிருக்கிறீர்களா?” என்ற கேள்விகள் ஆர்வத்தில் கேட்கப்பட்டால் அழகு. தகுதி பார்க்கக் கேட்கப்பட்டால் வந்தவர் அடுத்த வாரம் இருக்க மாட்டார். நேற்று ரசிகரானவருக்கும் இருபது வருடமாக ரசிகராக இருப்பவருக்கும் அனுபவம் வேறு, உரிமை ஒன்றே.

அதே சமயம், புதியவர்கள் வெள்ளமாக வந்தால் குழுவின் பண்பு கரைந்துவிடும் என்ற பழையவர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. யூஸ்நெட் என்ற ஆரம்பகால இணைய உரையாடல் வலையமைப்பில் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து சேர்வார்கள். கொஞ்ச நாள் கலவரமாக இருக்கும். பழையவர்கள் நடைமுறையைச் சொல்லிக் கொடுக்க, பிறகு அடங்கிவிடும். 1990-களின் முற்பகுதியில் இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் போதவில்லை. 1993 செப்டம்பரை ‘முடிவே இல்லாத செப்டம்பர்’ என்று பழையவர்கள் கசப்போடு அழைக்கத் தொடங்கினார்கள்.

சொல்லிக் கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதற்கு ஏற்ற வேகத்தில்தான் ஆள் சேர்க்க வேண்டும். ஒரு பெரிய வெளியீட்டின்போது இணைப்பைப் பொதுவில் போட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துக்கொண்டு, பிறகு குழு கெட்டுவிட்டது என்று புலம்புவதில் பயனில்லை. பொறுமைசாலிகளான மூன்று நான்கு பழைய உறுப்பினர்களை வரவேற்பாளர்களாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் வருகிற கேள்விகளுக்கான பதில்களை ஒரே பதிவாக எழுதி மேலே பொருத்தி வையுங்கள். நூறாவது முறையாக அதே கேள்வி வந்தாலும் “மேலே பாருங்கள்” என்று முகத்தில் அடிக்காமல், அந்தப் பதிவின் இணைப்பை ஒரு வணக்கத்தோடு கொடுத்துவிடலாம். வந்தவருக்கு அது முதல் முறை.

படி 4: “பிடிக்கவில்லை” என்று சொல்ல இடம் விடுங்கள்

நிறைய குழுக்கள் உடைவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புதிய ஆல்பம் வெளியாகி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு முழுக்கக் கொண்டாட்டம். நடுவில் ஒருவர் எழுதுகிறார்: “முதல் இரண்டு பாடல்கள் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. அவசரமாகச் செய்தது போல இருக்கிறது.” அடுத்த ஐந்து நிமிடத்தில் வரும் பதில்களைப் பார்த்தாலே அந்தக் குழுவின் ஜாதகம் தெரிந்துவிடும்.

“உங்களுக்கு இசை தெரியுமா?” என்று ஒருவர். “எதிர்க் குழுவிலிருந்து வந்தவரா?” என்று இன்னொருவர். கொண்டாட்டத்தைக் கெடுக்காதீர்கள் என்று மூன்றாமவர், சிரிக்கும் முகக்குறிகளோடு நான்காமவர். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. விதி எதுவும் உடையவில்லை. ஆனாலும் எழுதியவர் இனி வாய் திறக்க மாட்டார். அவரைப் போலவே நினைத்து எழுதாமல் இருந்த பத்துப் பேரும் திறக்க மாட்டார்கள். குழுவில் மிஞ்சுவது துதி மட்டுமே, அதுவும் கொஞ்ச நாளில் அலுத்துவிடும்.

அதே வரிக்கு வேறொரு குழுவில் இப்படிப் பதில் வருகிறது: “எனக்கு நான்காவது பாடல் மிகவும் பிடித்தது. தாளம் மாறும் இடத்தைக் கவனித்தீர்களா? ஆனால் அவசரம் தெரிகிறது என்பது உண்மைதான், கடைசிப் பாடல் திடீரென முடிகிறது.” இங்கே கருத்து மோதுகிறது, ஆள் மோதவில்லை. விமர்சித்தவர் போய் நான்காவது பாடலை மறுபடி கேட்பார். கேட்டுவிட்டு வந்து அப்போதும் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம், அதுவும் பரவாயில்லை.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். ஓர் அமைப்பின் தரம் சரியும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: வெளியேறுவது, குரல் எழுப்புவது. விசுவாசம் இருப்பவர் உடனே வெளியேறுவதில்லை, இருந்து குரல் கொடுக்கிறார். அந்தக் கண்ணில் பார்த்தால், குறை சொல்லிக்கொண்டே பல வருடங்களாகக் குழுவில் இருப்பவர் உங்களின் மிக விசுவாசமான உறுப்பினராக இருக்கக்கூடும். அக்கறை இல்லாதவர் எப்போதோ போயிருப்பார்.

விமர்சிக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. எது பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லுங்கள். “குப்பை” என்பது கருத்தே இல்லை. வெளியான முதல் மணி நேரத்தில் மற்றவர் மகிழ்ச்சியில் தண்ணீர் ஊற்றாமல் ஒரு நாள் பொறுத்துச் சொன்னால் கேட்கிற காதுகள் அதிகம் இருக்கும். ஒரே குறையைத் தினமும் சொல்வது விமர்சனமாகாது, அது நச்சரிப்பு. பெரிய குழுவாக இருந்தால் விரிவான விமர்சனத்துக்கென்று ஒரு தனித் தலைப்பைத் திறந்து கொடுங்கள். கொண்டாட விரும்புகிறவர் இங்கே, அலச விரும்புகிறவர் அங்கே. டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் ஒரே குழுவுக்குள் இதைச் செய்ய முடியும்.

படி 5: சண்டை மூண்டால் முதலில் வேகத்தைக் குறையுங்கள்

நேரில் பேசத் துணியாததை இணையத்தில் ஏன் எழுதிவிடுகிறோம் என்பதற்கு உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் பல காரணங்களை எடுத்துக் காட்டினார்: பெயர் மறைந்திருக்கிறது, முகம் தெரியவில்லை, பதில் உடனே வர வேண்டும் என்பதில்லை, எதிரில் இருப்பவர் நம் மனதுக்குள் நாமே கற்பனை செய்துகொண்ட குரலில் பேசுகிறார். அந்தக் கடைசிக் காரணம் ரசிகர் குழுக்களுக்கு மிகவும் பொருந்தும். வெறும் எழுத்தில் வந்த சாதாரணக் கேள்வியை எகத்தாளமாகப் படித்துக்கொள்வது நாம்தான்.

ஆகவே சண்டையின் நடுவில் நியாயம் பேச முயல வேண்டாம். டெலிகிராமில் ஓர் உறுப்பினர் இரண்டு செய்திகளுக்கு இடையே கட்டாயமாகக் காத்திருக்கும்படி வைக்கலாம். டிஸ்கார்டிலும் அந்த ஏற்பாடு உண்டு. வாட்ஸ்அப்பில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று சிறிது நேரம் மாற்றி வைக்கலாம். மாற்றும்போது காரணத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்: “இரவு பத்து மணி வரை குழுவை நிறுத்தி வைக்கிறோம். யாரையும் நீக்கவில்லை.” இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், யார் நீக்கப்பட்டார் என்ற வதந்தி அடுத்த பத்து நிமிடத்தில் வேறு குழுக்களில் ஓடும்.

பிறகு தனியாகப் பேசுங்கள். பொதுவில் கண்டித்தால் கண்டிக்கப்பட்டவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்காகப் பதில் சொல்வார், உங்களுக்காக அல்ல. தனிச்செய்தி இந்த மாதிரி இருக்கலாம்:

“வணக்கம். மாலையில் நீங்கள் எழுதிய ‘அறிவு இருந்தால் புரியும்’ என்ற வரியைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் வாதத்தில் எனக்குக் குறை இல்லை. அந்த வரி மட்டும் ஆளைத் தாக்குகிறது, அதை நீக்கிவிடுங்கள். அவரிடமும் தனியாகப் பேசுகிறேன். வேறு ஏதாவது நடந்து நான் பார்க்காமல் விட்டிருந்தால் சொல்லுங்கள்.”

எந்த வரி என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அவர் பக்கத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. “உங்கள் போக்கு சரியில்லை” என்று தொடங்கியிருந்தால் போக்கைப் பற்றிய ஒரு மணி நேர வாக்குவாதம்தான் மிஞ்சும்.

உறுப்பினராக நீங்கள் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. சண்டையில் ஈடுபட்ட ஒருவரைத் தவிர்த்துவிட்டு மற்ற அனைவரையும் சேர்த்து ஒரு ‘குட்டிக் குழு’ தொடங்காதீர்கள். குழுக்களை மெதுவாகக் கொல்வது வெளிப்படையான சண்டை அல்ல, இந்தப் பக்கவாட்டு அறைகள்தான். அங்கே பேசியது எப்படியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டாக உரியவரின் கைக்குப் போய்ச் சேரும்.

படி 6: தண்டனைக்குப் படிகள் வையுங்கள், திரும்பி வர வழி வையுங்கள்

நீர்ப்பாசனம், மீன்பிடித் துறை, காடு போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் அவர் கண்ட பொதுக்கூறுகளில் ஒன்று, மீறலுக்குத் தகுந்தபடி படிப்படியாகக் கூடும் தண்டனை. நல்லெண்ணம் என்ற பொதுச் சொத்தில் வாழும் ரசிகர் குழுவுக்கும் இது பொருந்தும். முதலில் தனியாக ஒரு சொல், பிறகு ஒரு நாள் மௌனம், பிறகு ஒரு வாரம், கடைசியாகத்தான் நீக்கம். மிரட்டல், பாலியல் தொந்தரவு, அடுத்தவரின் தனிப்பட்ட விவரத்தை வெளியிடுவது ஆகிய மூன்றுக்கு மட்டும் படியே கிடையாது, நேராக நீக்கிவிடுங்கள். நிர்வாகியின் நெருங்கிய நண்பருக்கும் அதே கணக்கு. உறுப்பினர்கள் உற்றுப் பார்ப்பது அந்த நண்பர் விஷயத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான்.

மன்னிப்புக் கேட்பதைச் சடங்காக்க வேண்டாம். “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று தொடங்குவது மன்னிப்பு ஆகாது. என்ன சொன்னேன், அது ஏன் தவறு, இனி என்ன செய்வேன் என்று மூன்று வரி போதும். கேட்ட பிறகு அதை மறுபடி கிளறக் கூடாது என்பது மற்றவர்களுக்கான விதி.

படி 7: குழு ஒரு படை அல்ல

போட்டி நட்சத்திரத்தின் ரசிகர்களையோ, எதிர்மறையாக எழுதிய விமர்சகரையோ குறிவைத்து “எல்லாரும் போய்ப் பதில் சொல்லுங்கள்” என்று இணைப்பைப் போடுவது பல குழுக்களில் விசுவாசத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. ஒருவர் போடும் கோபமான பின்னூட்டம் கருத்து. ஐந்நூறு பேர் ஒரே மணி நேரத்தில் போடுவது தாக்குதல். ஒவ்வொருவரும் தான் ஒரு வரிதான் எழுதியதாக நினைப்பார், வாங்குகிறவருக்கு ஐந்நூறு வரி. அந்த இணைப்பை நிர்வாகி உடனே நீக்க வேண்டும். வெளியில் ஆள்களை வேட்டையாடப் பழகிய குழு கொஞ்ச நாளில் உள்ளேயும் வேட்டையாடத் தொடங்கும் என்பது என் உறுதியான கருத்து.

சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 2020 ஜூனில் தென்கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழு நிறவெறிக்கு எதிரான இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தபோது, அதன் ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதே அளவு தொகையைத் திரட்டிக் காட்டினார்கள். பணம் திரட்டுவதாக இருந்தால் கணக்கை இரண்டு பேர் பார்க்கட்டும்; வரவும் செலவும் குழுவிலேயே பதிவாகட்டும். ரசிகர் குழுக்களில் பணத்தால் உடைந்த நட்பு கருத்தால் உடைந்ததை விடக் குறைவில்லை.

படி 8: நட்சத்திரமே தவறு செய்தால்

குழுவுக்கு வரும் மிகக் கடினமான நாள் இது. நட்சத்திரத்தின் மீது கடுமையான குற்றச்சாட்டு எழுகிறது. முதல் நாளில் உண்மை யாருக்கும் தெரியாது. மூன்று விஷயங்களை மட்டும் உடனே செய்யுங்கள். ஆதாரமில்லாத பகிர்வுகளை நிறுத்துங்கள், ஆதரவாக வருபவை உட்பட. குற்றம் சாட்டியவரின் பெயர், படம், பின்னணி பற்றிய எந்தத் தேடலையும் அனுமதிக்காதீர்கள். அவரைத் தேடிப் போகிறவரை நீக்குங்கள். குழுவின் பெயரால் எந்த நிலைப்பாடும் அறிவிக்காதீர்கள்.

சிலர் நம்ப மறுப்பார்கள், சிலர் அன்றே மனம் முறிந்துவிடுவார்கள். குழுவில் இருக்கும் ஒருவருக்கு அதே மாதிரியான அனுபவம் சொந்த வாழ்வில் நேர்ந்திருக்கலாம் என்பதை ஒவ்வொரு வரியை எழுதும்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “பணத்துக்காகத்தான் சொல்கிறார்கள்” என்று நீங்கள் முகம் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதுவதை, தெரிந்த ஒருவர் படித்துக்கொண்டிருப்பார்.

படி 9: போகிறவரைப் போக விடுங்கள்

ரசனை மாறும். வேலை கூடும், குடும்பம் வரும், ஒருநாள் அந்தப் பாடல்கள் முன்பு போலத் தோன்றாது. 2022-லிருந்து வாட்ஸ்அப்பில் ஒருவர் வெளியேறினால் குழு முழுவதற்கும் அறிவிப்பு போவதில்லை, நிர்வாகிகளுக்கு மட்டுமே போகும். அதை நிர்வாகி குழுவில் ஒலிபரப்ப வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டு போகிறவருக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள், “ஏன், என்ன பிரச்சினை?” என்று பொதுவில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். அவர் செய்து கொடுத்த வடிவமைப்புகள், எடுத்த படங்கள், எழுதிய தொகுப்புகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று தனியாகக் கேட்டு, பெயரோடு பயன்படுத்துங்கள். வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள்.

போகிறவர் நிர்வாகியாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. குழுவின் உரிமையாளர் பொறுப்பு, மின்னஞ்சல், கடவுச்சொற்கள், பணக் கணக்கு எல்லாம் குறைந்தது இருவரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஒரே ஒருவர் கைபேசியைத் தொலைத்துவிட்டால் பல வருடக் குழுவுக்கே சாவி இல்லாமல் போகும். ஆண்டுக்கு ஒருமுறை, யாரும் போகாத சமயத்திலேயே, அந்தச் சாவிகள் வேலை செய்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.